வீட்டப்பாவும் வெளியப்பாவும்

கூரை விளக்குகள் காலைக்கு மாறியதும் பிள்ளைகள் அலமாரியைத் திறந்து அப்பாவை வெளியே எடுத்தார்கள்.

ஞாயிறுதோறும் நடப்பதுதான். மின்மினி கதவைத் திறப்பாள். அவள் தம்பி செழியன் நாற்காலி மேல் ஏறி, அப்பாவின் பிடரியில் செருகியிருக்கும் மின்கம்பியைப் பிடுங்குவான். சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே நின்றபடி மின்னேறிக்கொண்டிருக்கும் அப்பா மெதுவாகக் கண்ணைத் திறந்து, “யார்ரா அது, என் வாலைப் புடுங்கினது?” என்று கேட்பார். பிள்ளைகள் வீடு அதிரச் சிரிப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் அதே சிரிப்பு.

குளியலறை வாசலில் வாயில் பிரஷ்ஷோடு நின்ற பூபாலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற அப்பா அவன்தான். அலமாரியிலிருந்து இறங்கியதற்கு இருப்பது அவன் முகம், அவன் குரல், காது மடலில் இருக்கும் அவன் மச்சம். எல்லாம் இவனுடைய சரக்கு. சிரிப்பு மட்டும் அதற்குப் போகிறது. இது எந்த ஊர் நியாயம்?

“வீட்டப்பா, டாட்டா!” என்று கத்திவிட்டுச் செழியன் அதன் முதுகில் தாவி ஏறினான். கதவு சாத்திக்கொண்டது. பூபாலன் பற்பசையை விழுங்கிவிட்டான்.

வெண்பாறை என்பது நிலவில், ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பில் கட்டிய ஊர். பூமியைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிற ஊர். எடை குறைவான இடமாதலால் கொஞ்சம் துள்ளினாலே கூரையில் தலை இடிக்கும். பார்க்க வேடிக்கைதான். ஆனால் வளர்கிற எலும்புக்கு அந்தச் சுகம் ஆகாது. பாரம் தாங்கிப் பழகாத எலும்பு முறுக்கு மாதிரி நொறுங்கிவிடும். எனவே வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை எடைராட்டினத்துக்கு அழைத்துப்போயே ஆக வேண்டும் என்று ஊர் வாரியம் சட்டம் போட்டிருந்தது. அந்த நாளுக்கு எலும்பு ஞாயிறு என்று பெயர். எடைராட்டினம் என்பது ஒரு தெருவையே வளையமாக வளைத்துச் சுழலவிட்ட இடம். உள்ளே கால் வைத்தால் பூமியில் இருக்கும் எடை வந்து உடம்பில் உட்கார்ந்துகொள்ளும். மணல் உண்டு, ஊஞ்சல் உண்டு, காய்கறிக் கடைகளும் சுண்டல் கடையும் உண்டு. நிலவில் முன்னொரு காலத்தில் வந்து இறங்கிய பழைய ஊர்தி ஒன்றும் துருப்பிடிக்காமல், பிள்ளை ஒளியும் அளவு பொந்துள்ள நான்கு காலில் நிற்கும். பிள்ளைகள் அங்கே ஓட வேண்டும், விழ வேண்டும், எழ வேண்டும். பெற்றவர்களில் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பூபாலனின் மனைவி செண்பகத்துக்கு ஞாயிறுதான் கீரைக்கூடத்தில் அறுவடை. பூபாலன் காற்று வாரியத்தில் அழுத்தக் கண்காணிப்பாளன். அவன் வேலை முழுவதும் இடது உள்ளங்கையில் இருந்தது. தோலுக்கடியில் பதித்த கைத்திரை. அந்த ஊரில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. காற்றுக் குழாய்களின் அழுத்தம் அதில் ஓடும். அதோடு கூட, சேக்காளிகளின் வம்பு, பூமியில் நடக்கும் பந்தாட்டம், யாரோ வைத்த மீன்குழம்பின் படம் எல்லாமும் ஓடும். இதில் எது வேலை, எது வெட்டி என்று பிரித்துச் சொல்ல அவனுக்கே தெரியாது. ஆகவே ஊர் வாரியத்தைக் கூப்பிட்டு, “எனக்கு வேலை அதிகம்” என்று சொன்னான். குரலைச் சரிபார்த்துக்கொண்டு மறுநாளே ஒரு பதிலப்பாவை அனுப்பி வைத்தார்கள். ஊரில் பாதி தகப்பன்மார் அப்படித்தான் வாங்கியிருந்தார்கள்.

வெளியே அழைத்துப்போவதால் பிள்ளைகள் அதற்கு வெளியப்பா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கில் பூபாலன் தானாகவே வீட்டப்பா ஆகிப்போனான்.

அன்று மதியம் சாப்பாட்டில் செழியன் பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சும்மா, “பூசணியக்கா” என்றான். அவ்வளவுதான். மின்மினிக்குச் சிரிப்பு பீறிட்டு, சோறு மூக்கு வழியாக வந்துவிட்டது. இரண்டும் விழுந்து புரண்டன.

“என்னடா அது பூசணியக்கா?” என்றான் பூபாலன், தானும் சிரிக்கத் தயாராக.

“உனக்குப் புரியாதுப்பா.”

“சொன்னாத்தானே புரியும்.”

“அது வெளியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்,” என்று மின்மினி முடித்துவிட்டாள்.

பிள்ளைகள் எழுந்துபோன பிறகும் பூபாலன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்படி என்ன சொக்குப்பொடி போட்டானோ தெரியல,” என்றான்.

செண்பகம் கீரைக் கறை படிந்த கையைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். “ஊர்ல அவனவன் அடுத்தவனைப் பார்த்துத்தான் வயிறெரிவான். உங்களுக்கு உங்க மூஞ்சி மேலயே பொறாமையா? நல்லா இருக்கு கூத்து.”

“அது என் மூஞ்சி இல்ல. எனக்குப் போட்டியா வந்த மூஞ்சி.”

“அப்போ அடுத்த வாரம் நீங்களே கூட்டிட்டுப் போங்க. அது பாட்டுக்கு அலமாரியில தூங்கட்டும்.”

அவனுக்கும் ரோஷம் வந்தது. போனான்.

எடைராட்டினத்துக்குள் கால் வைத்ததுமே முதுகில் யாரோ அரிசி மூட்டையை ஏற்றியது போலிருந்தது. செழியன், “உப்புமூட்டை!” என்று பின்னால் தொங்கியபோது நாலு எட்டு வைப்பதற்குள் நாக்குத் தள்ளியது. பரவாயில்லை, அது மனுஷ உடம்புக்கு உள்ளதுதான். மின்மினி ஊஞ்சலிலிருந்து மணலில் குதித்தாள். “ஐயோ, நல்லா இருந்துச்சே! இரு இரு, இன்னொரு தடவை குதி, அப்பா பதிவு பண்ணிக்கிறேன்,” என்று கைத்திரையை உயர்த்தினான். அவள் குதித்தாள். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவை குதிக்கச் சொன்னான். சிரித்துக்கொண்டே குதிக்கச் சொன்னான். “சிரிப்பு வரலப்பா,” என்று அவள் போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பதிவைச் சேக்காளிகளுக்கு அனுப்பினான். ‘பிள்ளைகளோடு ஒரு பொன்னான நாள்’ என்று மேலே எழுதினான். அதற்கு அவர்கள் ஏதோ சொல்ல, இவன் பதில் சொல்ல, நடுவே ஒரு குழாயின் அழுத்தம் லேசாக இறங்க, பந்தாட்டத்தில் யாரோ தோற்க, நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது செழியனைக் காணோம்.

“செழியா! டேய் செழியா!” என்று கத்திக்கொண்டு ஓடினான். பழைய ஊர்தியின் பின்னங்காலுக்குள் பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் மணலும் கண்ணீரும் ஒட்டிக் காய்ந்திருந்தன.

“இங்க என்னடா பண்றே? உயிரே போயிடுச்சு எனக்கு!”

“கண்ணாமூச்சி,” என்றான் செழியன். “நீதான் நூறு எண்ணுறேன்னு சொன்னே. அப்புறம் தேடவே இல்ல.”

பூபாலனுக்கு நினைவு வந்தது. சொல்லியிருந்தான். கைத்திரையைப் பார்த்துக்கொண்டே சரி சரி என்று சொல்லியிருந்தான். பையனைத் தூக்கிக்கொண்டான், மார்போடு அணைத்துக்கொண்டான். அந்த வேளையில் அவன் மனசு உண்மையிலேயே வலித்தது. வலித்த மனசு என்ன நினைத்தது என்பதுதான் கூத்து. ‘வெளியப்பாவாக இருந்தால் கண்டுபிடித்திருக்கும், இல்லையா?’ என்று நினைத்தது. குற்ற உணர்ச்சி ஊர்தியைச் சுற்றி வருவதற்குள் பொறாமையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே போய்ச் சுண்டல் கடைக்குப் பின்புறம் ஒளிந்துகொண்டான். எந்த மாயத்தால் அந்த இயந்திரம் தன் பிள்ளைகளை வளைத்துப் போட்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானம்.

மாயம் எதுவும் இல்லை. செழியன் ஊர்திக் காலுக்குள் போய் ஒளிந்தான். அவன் சட்டை நுனி வெளியே தொங்கியது, குருடனுக்கும் தெரியும். வெளியப்பா எண்ணி முடித்துவிட்டு நேரே காய்கறிக் கடைக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த பெரிய பூசணிக்காய் முன்னால் மண்டியிட்டது. “பூசணியக்கா, பூசணியக்கா! எங்க செழியனைப் பாத்தீங்களா?” என்று கேட்டது. காதைப் பூசணியில் வைத்துக்கொண்டு, “என்னது? பார்த்தீங்களா? உங்க வயித்துக்குள்ள இருக்கானா?” என்று அலறியது. ஊர்திக் காலுக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்காதது மாதிரியே அது குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தது, சுண்டல்காரரின் குல்லாயைத் தூக்கிப் பார்த்தது, மறுபடியும் அதே குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தது.

இவ்வளவுதானா! சுத்தக் கோமாளித்தனம். இதற்கா பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள்? ஆனாலும் செழியன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நீதான் என் அப்பா!” என்று கூவியபோது, பூபாலன் கையிலிருந்த சுண்டல் பொட்டலம் நசுங்கிப்போனது. மறுநாளே வெளியப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, பதிலி பழுதுபார்க்கும் ஞானதுரையின் கடைக்குப் போனான்.

ஞானதுரை வெற்றிலை மெல்லுகிற மாதிரி எதையோ மென்றுகொண்டே கேட்டார். “எங்கயாவது பழுதா சார்?”

“பழுதெல்லாம் இல்ல. அதுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க? புதுசா ஏதாவது மூளையா?”

“மூளையா? பச்சை மண்ணு சார் அது. கைத்திரைகூடக் கிடையாது. பிள்ளையைப் பாருன்னா பிள்ளையைப் பார்க்கும். வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு.”

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பான். பூபாலன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். “என் சாயல் எவ்வளவு இருக்கு அதுல?”

“பத்துல ஒரு பங்கு. மூஞ்சி, குரல், மச்சம். மீதியெல்லாம் வாரியத்தோட பொதுத் தகப்பன்தான்.”

அங்கேதான் பூபாலனுக்குப் பொறி தட்டியது. ஆக, தன் பிள்ளைகள் ‘நீதான் என் அப்பா’ என்று கட்டிக்கொள்வது தன் முகமூடி போட்ட எவனோ ஒரு பொதுத் தகப்பனை! ஊரான் வீட்டு அடுப்பில் தன் விறகு எரிகிறது. அதற்குள் முழுக்க முழுக்கத் தானே இருந்தால், அந்த அன்பெல்லாம் நேராகத் தனக்கல்லவா வந்து சேரும்? தான் இங்கே வேலை பார்க்கலாம், அங்கே கட்டிக்கொள்ளப்படலாம். இவ்வளவு சுலபமான விஷயம் ஏன் ஊரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை?

“நூத்துக்கு நூறாக்கிடுங்க,” என்றான்.

ஞானதுரை மெல்லுவதை நிறுத்தினார். “இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே. வேணாம் சார். உங்க கைத்திரையில சேர்ந்திருக்கறது அத்தனையும் அதுக்குள்ள இறங்கிடும். நீங்க என்ன பண்ணுவீங்களோ அதை அச்சுப் பிசகாமப் பண்ணும். ஏத்துனா அப்புறம் இறக்க முடியாது.”

“எனக்கு அதுதான் வேணும்.”

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“ஏன், என்னைப் பார்த்தா நல்ல தகப்பனாத் தெரியலையா?”

தொழில் செய்கிறவர் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பூபாலனின் உள்ளங்கையை வெளியப்பாவின் நெற்றியில் வைத்து அழுத்தச் சொன்னார். இத்தனை வருஷத்துப் பூபாலன் முழுவதுமாக அதற்குள் இறங்கினான்.

அடுத்த ஞாயிறு செழியன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். வெளியப்பா கண்ணைத் திறக்கவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம்டா,” என்றது.

“வாலைப் புடுங்கிட்டேன்ப்பா!”

“சரி சரி. நல்லது.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூபாலன் மட்டும் புளகாங்கிதத்தோடு பின்னாலேயே போய்ச் சுண்டல் கடையில் இடம்பிடித்தான். இன்றைக்குத் தன்னைப் பிள்ளைகள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கண்ணாரக் காணப்போகிறான்.

வெளியப்பா நேரே ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்தது. இடது உள்ளங்கையை விரித்தது. அதில் திரையும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் ரப்பர். அந்த ரப்பரையே குனிந்து உற்றுப் பார்க்கத் தொடங்கியது. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. நடுநடுவே தனக்குள் சிரித்துக்கொண்டது. மின்மினி ஊஞ்சலிலிருந்து குதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “சூப்பர்,” என்றது, நிமிராமல். செழியன் ஓடி ஒளிந்தான். பூசணியக்காவை யாரும் விசாரிக்கவில்லை.

பூபாலன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். முடியாமல் ஓடிவந்தான். “ஏய்! என்ன பண்றே நீ? பையன் ஒளிஞ்சிருக்கான், போய்த் தேடு!”

“ஒரு நிமிஷம்,” என்றது அது.

“அந்தக் கையில என்ன இருக்கு? ஒரு மண்ணும் இல்ல!”

“ஒரே ஒரு நிமிஷம். முக்கியமான வேலை.”

“பிள்ளைங்களை விட என்ன பெரிய வேலை? உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

“நீ என்ன பெரிய யோக்கியன் மாதிரி பேசறே?” என்று அதுவும் எகிறியது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஒரே முகம், ஒரே குரல், ஒரே மச்சம். இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறைதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செழியன் வந்து நின்றான். தானாகவே வெளியே வந்துவிட்டிருந்தான்.

“ரெண்டு பேரும் தேடல,” என்றான்.

அன்று மாலை செண்பகம் விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், “சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான். போகட்டும், உங்களுக்குப் பிள்ளைங்க வேணும்னா நீங்கதான் போகணும். வேற வழி இல்ல,” என்றாள். பூபாலனுக்கும் அது உறைத்தது. பிள்ளைகளை மடியில் உட்கார்த்திவைத்து, “அடுத்த ஞாயிறு அப்பாவே வரேன். பூசணியக்காவை நானே கேக்கறேன். சத்தியம்,” என்று அடித்துச் சொன்னான். செழியன் அவன் தாடையைப் பிடித்துப் பார்த்து, “நிஜமா?” என்றான். நிஜமாகத்தான் சொன்னான். அதில் பொய் இல்லை.

அந்த ஞாயிறு பூபாலன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளித்து, செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு வரும்வரை சும்மா நிற்பானேன் என்று கைத்திரையைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மின்மினி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பூபாலன் நின்றிருந்தான். புத்தம் புதுசு, காது மடலில் மச்சம்கூட இன்னும் பளபளத்தது.

“பூபாலன் வீடுதானே? எனக்கு யாரையோ வெளிய கூட்டிட்டுப் போகணுமாம்,” என்றது அது. “குட்டியா ரெண்டு பேர்னு சொன்னாங்க. இந்த வீட்ல குட்டியா யாரும் தெரியலையே?” என்று மின்மினியின் தலைக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தது.

செழியன் களுக்கென்று சிரித்தான்.

“நான் யாரையும் வரச் சொல்லலையே!” என்றான் பூபாலன்.

“நான்தான் சொன்னேன்.” அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு பழைய வெளியப்பா வந்தது. “வாரியத்தைக் கூப்பிட்டு, வேலை அதிகம்னு சொன்னேன். குரலைச் சரிபார்த்துட்டு அனுப்பிட்டாங்க. பாவம், பிள்ளைங்க ஏங்கிடக் கூடாது பாரு.”

“நீயே ஒரு பதிலி! உனக்கு எதுக்குடா பதிலி?”

“உனக்கு எதுக்கோ அதுக்குத்தான்.”

அறுவடைக்குக் கிளம்பிய செண்பகம் மூன்று புருஷர்களையும் ஏற இறங்கப் பார்த்தாள். “அலமாரியில இடம் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்,” என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குள் செழியன் புதியதின் முதுகில் ஏறியாகிவிட்டது. “நம்ம பூசணியக்காவை உனக்குத் தெரியுமா?” என்று அதன் காதில் கேட்டான். “தெரியாதே! எந்த ஊரு அவங்களுக்கு?” என்றது அது. மின்மினி அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது செழியன் கழுத்தைத் திருப்பினான். சத்தியத்தை அவன் மறக்கவில்லை.

“நீயும் வாயேன்ப்பா.”

“ஒரு நிமிஷம்,” என்றார்கள் இரண்டு அப்பாக்களும்.

செழியன் வாசலில் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

பூபாலனும் பழையதும் ஜன்னலுக்கு வந்தார்கள். தெருவில் அந்த மூன்று பேரும் துள்ளித் துள்ளிப் போவதையும், புதியது வேண்டுமென்றே ஒரு கம்பத்தில் இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்பதையும், பிள்ளைகள் சிரிப்பதையும் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வயிறு எரிந்தது.

“அப்படி என்ன சொக்குப்பொடி போட்டானோ தெரியல,” என்றது பழையது. “அவன்கிட்ட நம்ம சாயல் எவ்வளவு இருக்கும்?”

“பத்துல ஒண்ணு.”

“அதான் பார்த்தேன். எவனோ பொதுத் தகப்பன்! பேசாம அவனையும் நூறாக்கிட்டா என்ன?”

முட்டாளே என்று திட்ட வாயெடுத்தான் பூபாலன். கதவைத் திறந்துகொண்டு நாலு துள்ளு துள்ளினால் அவர்களைப் பிடித்துவிடலாம் என்றும் தோன்றியது. செருப்பு காலில்தான் இருந்தது. அதற்குள் உள்ளங்கை துடித்தது. யாரோ ஒரு சேக்காளி, பூமியிலிருந்து வந்த நெத்திலியை வறுத்துப் படம் போட்டிருந்தான்.

“உப்பு கம்மியா இருக்கும்போல,” என்றது பழையது, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

“ஆமா, கரிச்சுட்டான் வேற,” என்றான் பூபாலன்.

தெருமுனையில் திரும்பும் முன் பிள்ளைகள் நின்று வீட்டைப் பார்த்துக் கையாட்டினார்கள். ஜன்னலில் இரண்டு அப்பாக்கள் தெரிந்தார்கள். இரண்டு பேருமே குனிந்திருந்தார்கள்.